ஆற்றோடு வந்த மேசை

அன்னத்தாயைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் அங்கங்கே நின்றுவிடுகிற வழக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். முக்கூடலில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போவாள். குடத்தை முக்குவாள். தண்ணீர் மேல் வெயில் ஆடுவதைப் பார்ப்பாள். அவ்வளவுதான், நின்றுவிடுவாள். இடுப்பளவு தண்ணீரில் நிறைகுடத்தைப் பிடித்துக்கொண்டு, கரையேற மறந்து நிற்பாள்.

"ஏட்டி அன்னம், ஆத்த யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாவ. வீட்டுக்குப் போ ஏட்டி" என்று படித்துறையில் துவைக்கிற பெண்கள் சத்தம் போடுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே கரையேறுவாள். வழியில் ஒரு கொக்கு நின்றால் மறுபடியும் நிற்பாள்.

பீடி சுற்றுகிறவளுக்கு இந்தக் குணம் ஆகவே ஆகாது. அந்த ஊரில் பெண்பிள்ளைகள் பாதிப் பேருக்கு மடியில் பீடித் தட்டுதான் பிழைப்பு. மற்றவள் இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டி அடுத்ததற்குப் போயிருப்பாள். அன்னத்தாய் இலையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் நரம்பு எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்காரன் உருப்படுவான்? கடையில் அவள் வாங்காத ஏச்சு கிடையாது.

அவள் புருஷன் பேச்சிமுத்து மட்டும் அந்தக் குணத்தைக் குணமாகவே பார்த்தான். லாரியில் லோடு ஏற்றப் போகிறவன். ஒருநாள் பழைய தையல் மிஷின் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினான். "நீ பாக்குத பார்வைக்கு இதுதான் லாயக்கு. பாத்துப் பாத்துத் தை" என்றான். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால் போதும், அவளுக்கு எங்கே இறக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பது அன்னத்தாய்க்குத் தெரிந்துவிடும். டேப்பு எல்லாம் பேருக்குத்தான்.

மிஷின் வந்த மறுவருசமே லாரி கவிழ்ந்து பேச்சிமுத்து போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. பதினாறாம் நாள் அவளை உட்கார வைத்து, கடைசியாக ஒருதரம் முகத்திலும் கையிலும் மஞ்சள் பூசி, பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் அழித்தார்கள். அழுகைக்கு நடுவே அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இந்த மஞ்சளின் வாசனை இனி என் கையில் வராது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் போனதற்கு அழாமல் மஞ்சளுக்கு அழுகிறாளே என்று சொல்லிவிட்டால்?

அதற்குப் பிறகு படித்துறையில் குளிப்பதை விட்டுவிட்டாள். அங்கே கல்லெல்லாம் பெண்கள் மஞ்சள் உரைத்து உரைத்து மஞ்சளாகவே கிடக்கும். அதைத் தாண்டி, நாணல் அடர்ந்த கீழ்ப்பக்கத்தில் தனியாகக் குளித்துவிட்டு வருவாள். அங்கே யாரும் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிச் சத்தம் போடுவதில்லை. அதனால் இன்னும் அதிக நேரம் நின்றாள்.

பகலில் பீடித் தட்டு, மற்ற நேரத்தில் மிஷின் என்று ஓடியது. மெல்ல மெல்லத் துணி கூடியது, தட்டு குறைந்தது. ஒருநாள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து மேலே அட்டாலிப் பரணில் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு உண்டான சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் துணி வெட்டுவது தரையில். ஜாக்கெட் துணியை விரித்தால் கோழி வந்து மேலே நடக்கும். தரைத் தூசி ஏறும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். ஒரு மேசை இருந்தால் என்ன என்று அவள் சொன்னது பேச்சிமுத்துவின் தம்பி கருத்தையாவின் காதில் விழுந்தது. அடுத்த வீடுதான். வயல் வேலைக்குப் போகிறவன். அதிகம் பேச மாட்டான். பேசினாலும் மாட்டிடம் பேசுவான். அண்ணன் போனபிறகு அந்தக் குடும்பத்தில் ஆண் என்று அவன்தான், நல்லது கெட்டது அவன் சொல்தான்.

"மதினி, தொழுவத்துல ஒரு கதவு கெடக்குல்லா? அதுக்குக் கால் அடிச்சா மேசதான?" என்றான்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருசத்துப் பெருவெள்ளத்தில் வந்த கதவு. அன்றைக்கு ஆறு ஊருக்குள்ளே வந்து போனது. மேற்கே யார் யாருடைய வீட்டுச் சாமானெல்லாமோ சுழன்று சுழன்று வந்தன. அண்டா, தொட்டில் கம்பு, வைக்கோல் படப்பு, உயிரோடு ஒரு ஆட்டுக்குட்டி. கருத்தையா கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தது இந்த ஒற்றைக் கதவை. யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம் என்று தொழுவத்து இருட்டில் சாத்தி வைத்தான். யாரும் வரவில்லை.

ஆசாரி வந்து பார்த்தார். தேக்கு என்றார். இழைப்புளியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தவர் உடனே நிறுத்திவிட்டார். "மரத்துக்குள்ள பூரா ஆத்து மணலு. இத இழைச்சா என் உளி வாய் போயிரும் தாயி. சுரண்டித்தான் தருவேன்" என்றார். மேலாகச் சுரண்டி, பூவரசுக் கால் அடித்து நிமிர்த்திவிட்டுப் போனார். தாழ்ப்பாள் இருந்த ஓட்டை ஒரு மூலையில் அப்படியே நின்றது. அன்னத்தாய் அதில் சாக்குக்கட்டியைச் செருகி வைத்துக்கொண்டாள்.

மேசைக்கு ஒரே ஒரு கோளாறு. சிராய். காட்டன் துணியைத் தாங்கியது. வழவழப்புத் துணி என்றால் நூலைப் பிடித்து இழுத்தது.

இந்த நேரத்தில்தான் ஜெபக்கனி டீச்சர் வந்தார். சாலமோன் வாத்தியாரின் சம்சாரம். மகள் பிரியதர்ஷினிக்குப் பாளையங்கோட்டை வேதக் கோயிலில் கல்யாணம். வெள்ளைப் பட்டுச் சேலை, வெள்ளி ஜரிகை, அதோடு சேர்ந்தே வந்த ஜாக்கெட் துணி. முக்கூடலில் கல்யாண ஜாக்கெட்டை உள்ளூரில் யார் தைக்கக் கொடுப்பார்கள்? டவுனுக்குத்தான் போகும். டீச்சர் துணியை அன்னத்தாயின் மடியில் வைத்தார்.

"எல்லாரும் டவுனுக்குத்தான் போச் சொல்லுதாங்க. நான்தான் கேக்கல. ஒன் கையில ஒரு இது இருக்கு அன்னம். நல்லா அமைஞ்சிட்டா எங்க கோயில் பொம்பளையெல்லாம் ஒன்கிட்டதான் வருவாங்க. ஆனா ஒண்ணு, வேற துணி கெடையாது, பாத்துக்க. சேலையோட நெய்தது."

டீச்சர் போன பிறகு அவள் அட்டாலியை அண்ணாந்து பார்த்தாள். கவிழ்த்து வைத்த பீடித் தட்டு அங்கேதான் இருந்தது. இது அமைந்தால் அது அங்கேயே கிடக்கும். பிசகினால் ஒரு பெண்கூட அப்புறம் நல்ல துணியை நம்பித் தரமாட்டாள். தட்டு இறங்கிவிடும். 

முதலில் மேசையின் சிராயைப் போக்க வேண்டும். பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போனாள். அங்கே பெயிண்டுக் கடை வைத்திருக்கிற முகம்மது மைதீன் அண்ணாச்சி பொறுமைசாலி.

"வார்னிசு அடிச்சா பளபளன்னு இருக்கும். ஆனா கத்திரி பட்டா உரிஞ்சிரும். நீ எண்ணெ போடு தாயி. இந்தா லின்சீடு எண்ணெ, ஆளிவெதயில எடுத்தது. உள்ள எறங்கி மரத்தோட மரமா நிக்கும். கலர் வேணுமா? தேக்குக் கலர் இருக்கு, ஈட்டிக் கலர் இருக்கு."

"கலரு வேண்டாம் அண்ணாச்சி. அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"அதுவும் சரிதான். தேக்கு எண்ணெ குடிச்சா தானாவே பொன்னா எழும்பிரும். உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சிரு. எண்ணெயில டர்பன்டைன் கொஞ்சம் கலந்துக்க. துணியில தொட்டு லேசாத் தடவு. கொஞ்ச நேரங்கழிச்சி மிச்சத்தையெல்லாம் வழிச்சுத் தொடச்சிரு. நல்லாக் காஞ்சப்புறம் மறுகை. காயாம ஒண்ணும் மேல வைக்கப்படாது. அப்புறம், எண்ணெத் துணியச் சுருட்டி மூலையில போட்டிராத. தன் சூட்டுல தானே தீப்பிடிச்சிரும். கொடியில விரிச்சுப் போடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இது ஐப்பசி. மழ ஈரத்துல சட்டுனு காயாது. தையில பண்ணினா என்ன?" என்றார்.

தை வரைக்கும் கல்யாணம் காத்திருக்குமா? அவள் டப்பாவோடு பஸ் ஏறினாள். தன் சூட்டில் தானே எரிகிற துணியை நினைத்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், நடந்து திரும்பினாள்.

மைதீன் அண்ணாச்சி சொன்னதில் எல்லாம் சரியாகச் செய்தாள், ஒன்றைத் தவிர. உப்புத்தாளால் தேய்த்தாள். டர்பன்டைன் கலந்தாள். ஆனால் லேசாகத் தடவு என்றாரே, அதுதான் அவளுக்கு வரவில்லை. எண்ணெய் என்றால் நம் பெண்களுக்கு அளவா? தீபாவளிக்குப் பிள்ளையின் தலையில் வைக்கும்போது காது வழியாக ஒழுகினால்தான் வைத்ததாகக் கணக்கு. அவளும் அப்படித்தான் வைத்தாள். துணியைத் தூரப் போட்டுவிட்டு உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையாலும் மேசையைத் தேய்த்தாள்.

வெளியே மழை. பகலே சாயங்காலம் மாதிரி இருந்தது. குண்டு பல்பு ஒன்று மஞ்சளாக எரிந்தது. எண்ணெய் பட்ட இடமெல்லாம் செத்துக்கிடந்த மரம் கண்ணைத் திறந்தது. சாம்பல் நிறம் ஓடி மறைந்து, அடியிலிருந்து ரேகை ரேகையாக மேலே வந்தது. ஓரிடத்தில் சுழித்தது, ஓரிடத்தில் விரிந்தது. ஆற்றையே கொண்டுவந்து வீட்டுக்குள் படுக்க வைத்தது போலிருந்தது. அவள் நின்றுவிட்டாள். கை மட்டும் தன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு இடம் மற்ற இடங்களைவிடப் பொன்னாக எழும்பியது. அவள் உள்ளங்கையை வைத்தால் சரியாக நிரம்புகிற அளவு. மைதீன் அண்ணாச்சி சொன்ன பொன் இதுதான் என்று நினைத்தாள். அந்த இடத்தை விட்டுக் கையை எடுக்கவே மனசில்லை. எண்ணெய் ஊற்றி ஊற்றி அங்கேயே தேய்த்தாள். ஏதோ ஒரு வாசனை வந்தது. தெரிந்த வாசனை. என்னவென்று பிடிபடவில்லை. டர்பன்டைன் நெடியில் அதுவும் கரைந்துபோனது.

மிச்சத்தைத் துடைத்தாள். காய விட்டாள். மழை விடவில்லை, எண்ணெய் காய்ந்தும் காயாமல் கிடந்தது. தொட்டால் கையில் பிசுக்கு இல்லாததுபோல் இருந்தது. கல்யாணமோ நெருங்கிவிட்டது. போதும் என்று வெள்ளைப் பட்டை விரித்து, கையால் நீவி, வெட்டினாள். மேசை துணியை ஒரு நூல்கூட இழுக்கவில்லை. கத்திரி தண்ணீரில் போவதுபோல் போனது. அன்றும் அதே மழை இருட்டு, அதே குண்டு பல்பு. உட்கார்ந்து தைத்தாள். கொக்கி வைப்பதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் வெறித்தது. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று ஜாக்கெட்டை வாசலுக்குக் கொண்டுவந்தாள். முதுகின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, பச்சை மஞ்சளாக ஒரு வட்டம்.

"ஏ யாத்தா!" என்று அலறிவிட்டாள். உள்ளே ஓடினாள். கதவைத் திறந்து வெளிச்சம் விழ மேசையைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டும் மஞ்சள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். அந்தத் தெரிந்த வாசனை இப்போது பிடிபட்டது.

அது கதவாக இருந்தபோது மேற்கே எந்த ஊரிலோ எந்தப் பெண்ணோ வெள்ளிக்கு வெள்ளி அந்த இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறாள். குங்குமம் வெள்ளத்தோடு போயிற்று. மஞ்சள் மரத்துக்குள்ளே இறங்கி, தொழுவத்து இருட்டில் தூங்கிக் கிடந்து, எண்ணெய் ஊறியதும் எழுந்து வந்துவிட்டது. மரத்தின் பொன்னும் மஞ்சள், பல்பும் மஞ்சள்; அவளுக்கு எப்படித் தெரியும்?

சத்தம் கேட்டுக் கருத்தையா வந்தான். துணியைப் பார்த்தான்.

"சோப்புப் போட்டா?"

"செவந்துருமே தம்பி. அப்புறம் ஒண்ணுமே செய்ய முடியாது." முகப்பவுடரைக் கொட்டி வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டாள். மஞ்சள் மட்டும் அசையவில்லை. "வெயில் ஒண்ணுக்குத்தான் இது போவும்."

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். மேற்கே மலையே தெரியவில்லை. மறுபடி தூற ஆரம்பித்தது.

"டீச்சர்கிட்ட சொல்லிருங்க மதினி. நல்ல மனுசிதான்" என்றான் கருத்தையா.

"நாளைக்கு வாங்க வருதாவ. என்னன்னு சொல்லுவேன்? மக கல்யாணத் துணிய நாசமாக்கிட்டேன்னா?" அவளுக்கு அழுகை வந்தது. அட்டாலிப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ், திரும்பிப் போகத் தெருமுனையில் வந்து நின்றது. இப்போது விழுகிற தூறலைத் தவிர, அது காய்ந்துதான் வந்திருந்தது. அன்னத்தாய் அதையே பார்த்தாள். பிறகு, நின்றுவிடுகிறவள் ஆயிற்றே, ஆனால் அன்றைக்கு ஓடினாள். ஜாக்கெட்டை நனைத்துப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஓடி, பஸ் படியில் நின்ற கண்டக்டரைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, எங்கனயாவது வெயில் அடிக்கா?"

கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஜங்சன்ல சுள்ளுனு அடிக்குதும்மா. எதுக்கு?"

"அங்கனயே ஒரு டிக்கட் குடுங்க."

வெயிலைத் தேடி பஸ்ஸில் போன பெண் அந்த ஜில்லாவில் வேறு யாரும் உண்டா, எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தாள். வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் வானம். மேகம் பஸ்ஸோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினால் அங்கேயும் தூறல்.

"இப்ப வரைக்கும் அடிச்சுதே" என்று டீக்கடைக்காரர் வருத்தப்பட்டார், ஏதோ வெயில் அவர் கடையில் டீ குடித்துவிட்டுப் போன ஆள் போல. "அன்னா பாருங்க, பாளையங்கோட்டப் பக்கம் போயிருக்கு."

கிழக்கே பார்த்தாள். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வானம் கிழிந்து வெளுத்திருந்தது. டவுன் பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகளுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு போனாள். பாலத்தைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளே வெயில் விழுந்தது. எல்லோரும் முகத்தைச் சுளித்துத் துண்டையும் நோட்டையும் தூக்கி மறைத்தார்கள். அன்னத்தாய் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பாளையங்கால்வாய்க் கரையில் ஒரு சின்னப் பாலத்துக்குக் கல்லால் கைப்பிடிச் சுவர் இருந்தது. கல் நன்றாகச் சுட்டது. ஜாக்கெட்டைக் கால்வாய்த் தண்ணீரில் இன்னொருதரம் நனைத்து, முதுகு மேலே தெரிய விரித்து, ஓரங்களில் கூழாங்கல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இந்தத் தண்ணீரும் நம் ஆற்றுத் தண்ணீர்தான் என்று நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. வெயில் தன் வேலையைச் செய்தது, அவள் தன் வேலையைச் செய்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள். துணி காய்ந்தால் நனைத்தாள். தண்ணீரின் மினுக்கம் பாலத்தின் அடியில் ஆடியது. கண் செருகியது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலையில், ஒரு கதவு ஆற்றின் நடுவே மெல்லச் சுழன்று வந்தது. அதில் ஒரு கை. முகம் தெரியவில்லை. வளையல் போட்ட கை மட்டும், குழைத்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டுக் கதவில் வைத்துக்கொண்டிருந்தது.

'நீ யாருட்டி?' என்று அன்னத்தாய் மனசுக்குள் கேட்டாள். 'எந்த ஊரு? அன்னைக்கு வெள்ளத்துல நீ கரையேறிட்டியா? கதவு வந்துச்சே, நீ எங்க?'

பதில் எப்படி வரும்? ஆனால் அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. காரியத்தைக் கெடுத்தாயே என்று திட்டத் தோன்றவில்லை. பாசமாகத்தான் இருந்தது. அக்கா தங்கச்சி போல. அவள் வைத்த மஞ்சள், வைக்கக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்ட ஒருத்தியின் கையில் வந்து ஏறியிருக்கிறது. கேட்டு வாங்கவில்லை, திருடவில்லை. ஆறு கொண்டுவந்து கொடுத்தது. அன்னத்தாய் உள்ளங்கைகளை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பதினாறாம் நாளில் மஞ்சளுக்காக அழ முடியாமல் வைத்திருந்த அழுகை அது.

"என்னம்மா, ஒடம்புக்கு ஆகலயா?" கால்வாயில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையை உதறிக்கொண்டு மேலே வந்தார். கல்லின் மேல் கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. குனிந்து பார்த்தார். "மஞ்சக் கறையா? இதுக்கா அழுத? அன்னா போயிட்டுல்லா."

அன்னத்தாய் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வட்டம் வெளிறி, எலுமிச்சம்பழ நிறமாகி, ஓரமெல்லாம் கரைந்திருந்தது. இன்னொருதரம் நனைத்தாள். வெயில் உச்சிக்கு வந்து மேற்கே சரிந்தது. வட்டம் தேடினால்தான் தெரிந்தது. அப்புறம் தேடினாலும் தெரியவில்லை. துணியைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினாள். வெள்ளைப் பட்டு வெள்ளைப் பட்டாகவே இருந்தது.  அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஓங் கையிலயும் பூரா இருக்கே. அதையும் வெயில்ல காட்டு, ஓடிரும்."

"காட்டுதேன்" என்றாள் அன்னத்தாய்.

அந்த அம்மாள் இறங்கித் துவைக்கப் போனார். அன்னத்தாய் இரண்டு கையையும் பொத்தி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஏறி, ஜங்ஷனில் மாறி, முக்கூடலில் இறங்குகிற வரைக்கும் வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேசை மேல் பழைய போர்வையை விரித்துப்போட்டு, அதன்மேல் வைத்துக் கொக்கிகளைத் தைத்தாள். ஜெபக்கனி டீச்சர் மறுநாள் மகளோடு வந்தார். ஜாக்கெட்டை வாசலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்னத்தாயின் உயிர் அவள் கையில் இல்லை. பிரியதர்ஷினி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். முதுகில் ஒரு சுருக்கம் கிடையாது.

"எங்கம்மா சொன்னது சரிதான் அன்னத்தக்கா. டவுன்ல குடுத்திருந்தா இப்படி அமையாது" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். அன்னத்தாய் பதிலுக்கு அணைக்கவில்லை. கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அந்த வெள்ளையில் மறுபடியும் மஞ்சள் ஏறிவிட்டால் எந்த ஊருக்கு பஸ் ஏறுவது?

கல்யாணம் முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் கோயில் பெண்கள் பையோடு வந்து நின்றார்கள். பீடித் தட்டைக் கருத்தையாவின் பெஞ்சாதி கோழிக்குத் தவிடு வைக்கக் கேட்டாள். எடுத்துக்கொள் என்று அன்னத்தாய் கொடுத்துவிட்டாள்.

மைதீன் அண்ணாச்சிக்குச் செய்தி போனது. அவர் கருத்தையாவிடம் சொல்லி அனுப்பினார்: மழை விட்டதும் மேசையை வெயிலில் தூக்கிப் போடு, மஞ்சள் பூராவும் ஓடிவிடும், அதற்கப்புறம் எண்ணெய் போட்டால் மரம் மட்டும்தான் தெரியும், எந்தத் துணியையும் பயமில்லாமல் விரிக்கலாம்.

தை பிறந்தது. அறுப்புக் காலம். வானம் சுத்தமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கருத்தையா வந்தான்.

"மதினி, மேசய வெளிய போட்டுருவோமா? இன்னைக்கு நல்ல வெயிலு." அவன் குனிந்து ஒரு பக்கத்துக் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"வேண்டாம் தம்பி" என்றாள் அன்னத்தாய். சத்தம் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

"ஏன்?"

அவள் மேசை விளிம்பில் கை வைத்து நின்றாள். அன்று விடியவும்தான் காய்ந்த எண்ணெயின் மேல் இன்னொரு கை எண்ணெய் தேய்த்திருந்தாள். போன வெள்ளியும் தேய்த்தாள். அதற்கு முந்திய வெள்ளியும். கையை மறைக்க நினைத்தாள். பிறகு, எதற்கு என்று தோன்றியது. உள்ளங்கைகளைத் திருப்பி அவன் முன்னால் நீட்டினாள். இரண்டும் மஞ்சளாக இருந்தன.

கருத்தையா பார்த்தான். அவன் அண்ணன் பெண்டாட்டி. ஊர் என்ன பேசும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அவனே ஒரு சொல் சொன்னால் அவளால் மீற முடியாது. அவன் தூக்கின காலைப் பைய இறக்கி வைத்தான். மேசை ஆடாமல் நிற்கிறதா என்று ஒருதரம் அழுத்திப் பார்த்தான். போர்வையை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"வெள்ளத் துணி வெட்டும்போது மட்டும் இத விரிச்சுக்கிடுங்க" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான்.

"நாளைக்கு அம்பைக்கு, மைதீன் அண்ணாச்சி கடப் பக்கம் போறேன். எண்ணெ தீந்திருக்குமே. சின்ன டப்பாவா, பெரிய டப்பாவா மதினி?"

"பெரிசு" என்றாள் அன்னத்தாய்.